மேலே போட்ட உரமும் கீழே விளைந்த கோவாவும்

உரக் கணக்கப்பிள்ளை வேலை என்பது, இங்கே போட்ட ஒன்று எங்கே போய்ச் சேருமோ என்று சம்பளம் வாங்கிக்கொண்டு பயப்படுகிற வேலை.

கொழுந்துக் கணக்கப்பிள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை. கொழுந்தை நிறுத்துத் தேயிலை ஆலையான ஸ்டோருக்கு ஏற்றிவிட்டால் அவர் பாடு முடிந்தது. என் பாடு அங்கேதான் தொடங்கும். கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் நடுவில், ரயிலில் போகிறவர்கள் கண்ணுக்குப் படாத ஒரு மலைமடிப்பில் எங்கள் தோட்டம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் அங்கே சேர்ந்தேன். உரம், குப்பைக்குழி, கான் வெட்டு, பிறகு பூச்சி மருந்து என்று மண்ணோடு ஒட்டிய தலைவலி எல்லாம் என் தலையில் விழுந்தது. வேறொருவர் சொன்னபடி ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, அதன் பலன் எந்தப் பக்கமிருந்து திரும்பி வரப்போகிறதோ என்று வாசலையே பார்த்துக்கொண்டு நீங்களும் உட்கார்ந்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் என் கட்சி. மேலே படியுங்கள்.

கோவா

சேர்ந்த முதல் வருஷம், வைகாசி மாதம். சிவனொளிபாத மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அன்றைக்குத்தான் மேமலையில், அதாவது தோட்டத்தின் மேல்துண்டில், உரம் போடவேண்டும் என்று பெரட்டில் துரை சொன்னார். விடியற்காலையில் எல்லோரையும் நிறுத்தி வேலை பிரிக்கிற இடம்தான் பெரட்டு. அங்கே துரை சொன்னால் சொன்னதுதான். நான் தயங்கித் தயங்கி மேகத்தைக் காட்டினேன். "கணக்கப்பிள்ளை, நீ மேகம் பாக்க வேணாம். மூட்டை பாரு" என்றார். வெள்ளைக்காரர் தமிழில் மறுபேச்சுக்கு இடமே இருக்காது.

பெண்கள் உரத்தை அள்ளி அள்ளிச் செடியடியில் தூவி முடிக்கவும் மழை இறங்கவும் சரியாக இருந்தது. வெள்ளை வெள்ளையாகக் கிடந்த உரம் என் கண்ணெதிரிலேயே கரைந்து கானுக்குள் ஓடியது. கான் என்றால் சரிவில் தண்ணீர் வடிய நாங்கள் வெட்டுகிற வாய்க்கால். கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு நானும் அதன் கூடவே இறங்கினேன். எதைப் பிடிக்கப் போனேன் என்று கேட்காதீர்கள். தோட்டத்து எல்லையில் கான் ஓடையில் விழுந்தது. ஓடை கீழே இருந்த சிங்களக் கிராமத்துக்குள் போனது. அங்கே புஞ்சி பண்டா என்பவர் ஓடைத் தண்ணீரைத் தன் மரக்கறிப் பாத்திக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். திருட்டுப் பொருளைக் கொடுத்துவிட்டு வந்தவன் மாதிரி நானும் ஆட்டினேன்.

தேயிலை நிறம் மாறவே இல்லை. "உரம் போட்டோமா, இல்லையா?" என்று துரை என்னைக் கேட்கும்போதெல்லாம் காலி மூட்டைகளை எண்ணிக் காட்டுவேன். இப்படியிருக்க, ஒருநாள் பெரட்டில் அவரே நல்ல மனநிலையில், தன் சமையல்காரர் கீழ்க்கிராமத்திலிருந்து வாங்கிவந்த கோவாவை, அதாவது முட்டைக்கோஸை, புகழ்ந்து பேசினார். அப்படியொரு கோவாவை இங்கிலாந்தில்கூடச் சாப்பிட்டதில்லையாம். தன் உரத்தைத்தான் தானே தின்றிருக்கிறார் என்று அவருக்கு யார் சொல்வது? அன்று மாலை புஞ்சி பண்டா, ஒரு பிள்ளையைத் தூக்குவதுபோல் ஒரு கோவாவைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று அவசரமாக அதை உள்ளே வாங்கி வைத்தேன். அவர் போகிற போக்கில் சொன்னார்: "மாத்தயா, உங்கட தொரை ரொம்ப நல்ல மனுசன். மழைக்கி முந்தி ஒரம் போட எப்பவும் சொல்லுங்க, ஆ?"

புகைகிற குழி

அடுத்த வருஷம் துரைக்குக் குப்பைக்குழி மோகம் வந்தது. களை, சருகு, மாட்டுச்சாணம், ஸ்டோரில் கூட்டித் தள்ளுகிற தேயிலைத் தூசி எல்லாவற்றையும் அடுக்கடுக்காகப் போட்டு மக்கவைக்க வேண்டும். வைக்கோல் கூரை போட்ட சாமான் கொட்டிலை ஒட்டியே குழி வெட்டச் சொன்னார். குழிக்குப் பொறுப்பு, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருந்த சன்னாசி. நடுவயது ஆள், அதிகம் பேசமாட்டார், பேசினால் கேட்டவனுக்குப் பதில் வராது.

தை மாதப் பனியில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்த ஒரு காலை, குழியிலிருந்து புகை எழும்புவதைப் பார்த்தேன். ஒரு இரும்புக் கம்பியைக் குழிக்குள் செருகி இழுத்தால் கையில் பிடிக்க முடியாத சூடு. நெருப்பு உள்ளே கனன்றுகொண்டிருக்கிறது, கூரையில் பற்றினால் கொட்டில் போய்விடும், கொட்டில் போனால் என் வேலை போய்விடும் என்று வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கத்தினேன். துரையே ஓடிவந்தார். வந்தவர் கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சாணத்திலும் சருகிலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன, அவை தின்னத் தின்ன சூடு வரும், நெருப்பு இல்லை, போ என்றார். இலை வெயிலில் நின்று சேர்த்துவைத்தது எல்லாம் இப்படித்தான் வெளியே வருகிறது என்று விளக்கமும் சொன்னார்.

துரை சொல்லியும் என் பயம் போகவில்லை. தினமும் காலையில் கம்பியைச் செருகிப் பார்க்காமல் எனக்குத் தேநீர் இறங்காது. ஒருநாள் கம்பி உள்ளே எதிலோ 'டணங்' என்று இடித்தது. தோண்டிப் பார்த்தால் மூடி போட்ட ஒரு மண்ணெண்ணெய் டின், அது நிறையக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். பக்கத்தில் தோளில் துண்டோடு நின்ற சன்னாசி கொஞ்சம்கூட அசரவில்லை. "லயத்துல வெறகுக்கு எங்கங்க போறது? உங்களுக்கும் வெந்நி வேணும்னா சொல்லுங்க, நாளைக்கு ஒரு டின்னு சேத்துப் பொதைக்கிறேன்" என்றார்.

கவ்வாத்துக் குச்சி

விறகு என்றதும் இது ஞாபகம் வருகிறது. தேயிலைச் செடியைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை கட்டையாக வெட்டிவிடுவார்கள். அதற்குப் பெயர் கவ்வாத்து. வெட்டிய குச்சியை லயத்து ஆட்கள் அடுப்புக்குக் கொண்டுபோவது காலகாலமாக நடக்கிற காரியம். ஒருநாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. குச்சியும் இலையும் அந்தந்த மலையிலேயே புதைக்கப்பட வேண்டும், செடி மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்ப வேண்டும், ஒரு கட்டுக்கூட வெளியே போகக் கூடாது. பாதையில் நின்று மறிக்கிற வேலை எனக்கு.

சரியான மழை. முதல் ஆளாக மாரியாயி வந்தாள். புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, மூன்று பிள்ளைகளோடு லயத்தின் கடைசி ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தவள். தலையில் குச்சிக்கட்டு. நான் உத்தரவைச் சொன்னேன். அவள் கட்டை இறக்கவில்லை.

"இது எதுக்குங்கய்யா பொதைக்கணும்?"

"செடிக்குச் சத்து வேணுமில்ல. எடுத்துக்கிட்டே இருந்தா மண்ணு செத்துப்போகும்."

"செத்துப்போவுமா?"

"ஆமா."

மழைத்தண்ணீர் அவள் மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் கட்டோடு வந்து நின்றுவிட்டார்கள். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் என் பின்னால் லயத்தில் ஒரு கூரையிலும் புகை இல்லை என்பதும் பொய்யில்லை. விட்டால் துரை என்னை விடமாட்டார். மறித்தால் அன்று அந்த லயத்தில் உலை வைக்கமாட்டார்கள். நின்றுகொண்டே என்ன செய்வது என்று யோசித்தேன். கடைசியில், இலையையும் ஈர்க்குச்சியையும் அங்கேயே உதிர்த்துவிட்டுக் கட்டைக் குச்சியை மட்டும் கொண்டுபோங்கள் என்றேன். மறுநாள் துரையிடம் நானே போய்ச் சொன்னேன். சத்து இலையில்தான் அதிகம், கட்டையில் குறைவு என்று எங்கோ கேட்டதை வைத்து வாதாடினேன். அவர் சுருட்டைக் கடித்துக்கொண்டே, "சரி, ட்ரை பண்ணு" என்றார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஆனால் அன்றைக்கு மழையில், கட்டைத் தூக்கிக்கொண்டு போகும்போது மாரியாயி கேட்டாள்: "செடி பசிக்குதுன்னு உங்ககிட்ட வந்து அழுதுச்சுங்களா? எம்புள்ளைங்க அழுவுதுங்க."

லண்டன் தண்ணீர்

கம்பெனிக்காக வருஷத்துக்கு ஒருமுறை தோட்டம் பார்க்க ஒரு பெரியவர் காரில் வருவார். அவர் வருகிற வாரம் எனக்குச் சோறு இறங்காது. அந்த முறை உரக் கொட்டிலில் நின்றுகொண்டு, வருஷாவருஷம் இத்தனை மூட்டை போடுகிறோமே, போட்டதெல்லாம் எங்கேதான் போகிறது என்று துரை மூலமாகக் கேட்டார். எனக்கு உடனே கோவா ஞாபகம் வந்துவிட்டது. சமாளித்துக்கொண்டு, பாதி கொழுந்தோடு போகிறது ஐயா, கொழுந்து பெட்டியில் ஏறிக் கப்பலில் போகிறது, திரும்பி வருவதில்லை என்றேன். சன்னாசி மூட்டையைத் தோளில் வைத்தபடியே என்னைப் பார்த்துச் சொன்னார், நல்லவேளை பெரியவருக்குத் தமிழ் தெரியாது: "அப்ப லண்டன்ல தேத்தண்ணி குடிச்சவங்க ஒண்ணுக்கிருந்ததத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கய்யா, நமக்கு மூட்ட தூக்குற வேல மிச்சம்."

மீன்

அறுபதுகளின் தொடக்கம். தேயிலைக் கொம்பைத் துளைத்து உள்ளே வாழ்கிற ஒரு சின்ன வண்டு வந்து, கொம்பெல்லாம் பட்டுப் பட்டு ஒடிந்தது. அதற்குப் புது மருந்து வந்து இறங்கியது. முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு ஆட்கள் மலை மலையாக அடித்தார்கள். மேமலையில் தண்ணீர் வசதி இல்லை என்று, பம்புகளை ஓடையில் கொண்டுபோய்க் கழுவச் சொல்லிவிட்டார் புதிதாக வந்த சின்னதுரை. நான் அப்போது வேறு மலையில் இருந்தேன்.

மத்தியானம் சத்தம் கேட்டு இறங்கி வந்தால் ஓடை முழுக்க மீன். வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கிறது. பெண்கள் கூடையிலும் முந்தானையிலும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த லயத்தில் மீன் என்பது தீபாவளிக்குக்கூட நிச்சயமில்லாத பொருள். நான் ஓடினேன். ஒவ்வொரு காம்பராவாகக் கதவைத் தட்டி, சாப்பிடாதீர்கள், கொட்டுங்கள் என்று கத்தினேன். சில இடத்தில் திட்டினார்கள். சில இடத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டியை எடுத்துவந்தார்கள். மாரியாயியின் அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அவள் என்னையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சட்டியை இறக்கினாள். பிள்ளைகள் பக்கம் திரும்பவே இல்லை.

சரி, வாங்கியாயிற்று, எங்கே கொட்டுவது? வெளியே கொட்டினால் கோழி தின்னும். கோழியை மனிதன் தின்பான். குப்பைக்குழியில் போட்டால் அது மரக்கறிப் பாத்திக்குப் போகும். ஓடைக்கரையில் புதைத்தால் மறுபடி ஓடைக்கே போகும். நானும் சன்னாசியும் கூடையைத் தூக்கிக்கொண்டு இடம் தேடி அலைந்தோம். இந்த மலையில் எதைப் போட்டாலும் இன்னொன்றின் வாய்க்குப் போகாத ஒரு அடி நிலம் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் லயத்துக் குடிதண்ணீர்ப் பீலிக்கும் ஓடைக்கும் எட்டத்தில், ஒரு பாறைக்குப் பின்னால் ஆழமாகத் தோண்டிப் புதைத்தோம்.

களைத்துப்போய் வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே மீன்குழம்பு வாசம். கணக்கப்பிள்ளை வீட்டுக்கென்று யாரோ நல்ல மீனாகப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். என் மனைவி பாக்கியம் இன்னும் சாப்பிடவில்லை. மகள் செல்வி சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரையா கண்ணை விரித்துப் பார்த்தார், நாடி பார்த்தார், இந்த மருந்துக்கு மாற்று மருந்து தன்னிடம் இல்லை, கூடவே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பிள்ளையைத் தின்னவிட்ட பாவத்தை எண்ணி பாக்கியம் அழுதுகொண்டே இருந்தாள். செல்வி கொட்டாவி விட்டால் மயக்கமோ என்று பயந்தேன். சிரித்தால் வலிப்போ என்று பயந்தேன். லயத்தில் மீன்குடல் தின்ற நாயொன்றும் சில கோழிகளும் செத்துவிட்டதாக வேறு செய்தி வந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் செல்வி எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள். அதற்குப் பிறகும் அவளுக்கு ஒன்றும் வரவில்லை. யார் செய்த புண்ணியமோ, லயத்திலும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாளே சின்னதுரையை வைத்துக்கொண்டு, ஓடையில் பம்பு கழுவக் கூடாது என்று துரை உத்தரவு போட்டார். ஆனால் பாக்கியம் மட்டும் வெகுநாள் வரை கடைக்காரர் நீட்டுகிற கீரையைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "சோறு ஆக்குறதுக்கு முந்தி ஒவ்வொண்ணும் எங்கேருந்து வந்துச்சுன்னு விசாரிக்கணும்னா, ஒல எப்பங்க கொதிக்கிறது?" என்பாள்.

குளவி

மருந்து வண்டைக் கொன்றது, உண்மை. துரை சந்தோஷப்பட்டார். இரண்டு மூன்று மாதம் கழித்து, மருந்து அடித்த மலைகளில் மட்டும் கொழுந்து இலைகள் சுருண்டு சுருண்டு ஒட்டிக்கொண்டன. ஒவ்வொரு சுருளுக்குள்ளும் ஒரு பச்சைப்புழு. முன்பும் அங்கொன்று இங்கொன்று இருந்ததுதான். இப்போது மலை முழுக்கப் பழுப்பாகிவிட்டது. எடுக்கக் கொழுந்து இல்லை. கொழுந்து குறைந்ததால் பெண்களுக்கு அரைப்பேர்தான் போட்டார்கள். அரைப்பேர் என்றால் பாதிநாள் கூலி. பெரட்டில் அவர்கள் என்னைப் பார்க்கிற பார்வையில் நானே அந்தப் புழுவைக் கொண்டுவந்து விட்டவன்போல் கூசிப்போனேன்.

துரை இன்னொரு மருந்து அடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, தேயிலைப் பூச்சிகளைப் பற்றிப் படித்த ஒருவர் வந்தார். மெலிந்த மனிதர், கண்ணாடி, சப்பாத்து நிறையச் சேறு. மருந்து அடித்த மலையில் ஒரு கூடை சுருட்டிலையைப் பறித்து, அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிறகு மருந்து அடிக்காத மலையிலும் அதையே செய்தார். மாரியாயியும் இன்னும் சில பெண்களும் சுற்றி நின்றார்கள். அவர் எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொன்னார். இலை வெயிலைத் தின்று வளர்கிறது, புழு இலையைத் தின்று வளர்கிறது, கொசு அளவில் ஒரு குட்டிக் குளவி அந்தப் புழுவுக்குள் முட்டையிட்டுப் புழுவைத் தின்று வளர்கிறது. அந்தக் குளவி இருந்தவரை புழு அடங்கி இருந்தது. வண்டுக்கு அடித்த மருந்தில் குளவி செத்துவிட்டது. சுருளுக்குள் ஒளிந்திருந்ததில் புழு பிழைத்துக்கொண்டது.

"இப்ப என்ன அடிக்கலாம்?" என்று துரை கேட்டார். ஒன்றும் அடிக்கக் கூடாது என்றார் வந்தவர். அடிக்காத மலையிலிருந்து குளவி தானாகத் திரும்பி வரும், அதுவரை பொறுத்திருக்க வேண்டும். எவ்வளவு காலம் என்று கேட்டதற்கு, அது குளவியைப் பொறுத்தது என்றுவிட்டார். ஒன்றும் செய்யாமல் இருப்பதுபோல் பயங்கரமான வேலை உலகத்தில் கிடையாது. தினமும் சுருளைப் பிரித்துப் பார்ப்பேன். புழு, புழு, மறுபடியும் புழு. மூன்று பிள்ளைகளோடு அரைப்பேரில் மாரியாயி எப்படிச் சமாளிக்கிறாள் என்று கேட்க எனக்கு வாய் வராது. பாக்கியம் அவ்வப்போது ஒரு பாத்திரத்தில் அரிசி கொடுத்தனுப்புவாள். கடைசியில் ஒருநாள், ஒரு சுருளுக்குள் புழு இல்லை. வெள்ளை நூலில் சுற்றிய சின்னஞ்சிறு கூடு ஒன்று இருந்தது. நான் போட்ட சத்தத்தில், பெரிய குளவிக்கூடு கலைந்துவிட்டதாக நினைத்துப் பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும், ஒரு மாதத்துக்கு முன் நிஜக் குளவி கொட்டி முகம் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்த மாரியாயி மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்: "உசுரோட இருந்தா கொட்டுது, செத்துப்போனா பட்டினி போடுது. இந்தக் குளவியோட எப்படித்தாங்கய்யா குடித்தனம் பண்றது?"

சேற்றுத் தண்ணீர்

லயத்துக்கு மேலே, மலையுச்சியில், ஒரு துண்டு பழைய காடு இருந்தது. ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற அடுப்புக்கு விறகு போதவில்லை என்று ஒரு வருஷம் அதையும் வெட்டினார்கள். மரம் நெருப்பாகித் தேயிலையைக் காயவைத்துவிட்டுப் போய்விட்டது. வேர் மட்டும் மண்ணுக்குள் உளுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சரிவில் கான் வெட்டிக்கொடுத்தவன் நான். மழை பெய்யும்போதெல்லாம் கானில் எவ்வளவு மண் வந்து சேருகிறது என்று பார்ப்பேன். கூடிக்கொண்டே போனது. துரையிடம் சொன்னேன். இன்னும் ஆழமாகக் கான் வெட்டு என்றார்.

ஆனி மாதத்தில் விடாத மழை. ஒரு மாலை லயத்துப் பீலியைப் பார்த்தேன். மலை ஊற்றுத் தண்ணீர் அது, எந்த மழையிலும் கண்ணாடி மாதிரி வரும். அன்று செம்மண் கரைந்து வந்தது. கொஞ்ச நேரத்தில் நூலாக மெலிந்துவிட்டது. மேலே எங்கேயோ தண்ணீர் வழியை மாற்றிக்கொண்டு உள்ளே தேங்குகிறது என்று எனக்குள் ஏதோ சொன்னது. துரை நுவரெலியாவில். கேட்க ஆள் இல்லை. தப்பாகப் போனால் வேலை முடிந்தது என்று தெரிந்துதான், எல்லோரும் ஸ்டோருக்குப் போங்கள் என்று காம்பரா காம்பராவாகச் சொன்னேன். கூட்டத்தில் பாதி என்னை நம்பவில்லை. சன்னாசிதான் தன் பசுவை அவிழ்த்துக்கொண்டு முதலில் நடந்தார். அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் பாயையும் பிள்ளையையும் தூக்கினார்கள். மாரியாயி பானையில் இருந்த மாவைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் மலை ஒரு பெருமூச்சு விட்டதுபோல் சத்தம் கேட்டது. லயத்தின் ஒரு முனையும், மாட்டுப்பட்டியும், சாம்பலும் சாணமும் போட்டு அவர்கள் வருஷக்கணக்கில் ஆக்கி வைத்திருந்த மரக்கறிப் பாத்தி அத்தனையும் சேற்றுக்குள் போய்விட்டன. ஒரு உயிர்கூடப் போகவில்லை. நான் ஸ்டோர்ப் படியில் உட்கார்ந்தேன். மறுபடி தலைகளை எண்ணினேன்.

துரை திரும்பி வந்து பார்த்தார். என்னைத் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. கையைக் கொடுத்துக் குலுக்கினார், அவ்வளவுதான். மழை விட்டதும் கீழே குவிந்த நல்ல மண்ணைக் கூடையில் அள்ளி மறுபடி மேலே கொண்டுபோகச் சொன்னார்கள். அந்த வருஷங்களில்தான் தோட்டத்து மக்கள் இந்த நாட்டுப் பிரஜைதானா, இந்தியாவுக்குப் போகவேண்டியவர்களா என்ற விசாரணையும் நடந்துகொண்டிருந்தது. சன்னாசி மறுநாள் அதற்காக ஹட்டனுக்குப் போகவேண்டியிருந்தது. பாதி மலையில் கூடையை இறக்கி வைத்து, கீழே ஓடையோடு கலங்கிப் போகிற மண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றவர், என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "இந்த மண்ணே ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. நாங்க மட்டும் எந்த ஊருன்னு சொல்லணுமாங்கய்யா?"

அத்தனை வருஷம் அந்த வேலையில் இருந்து நான் தெரிந்துகொண்டது, உலகத்தில் எதுவும் தொலைந்துபோவதில்லை என்பதுதான். அந்த நினைப்பில் நிம்மதியாகத் தூங்குகிறவர் யாராவது இருந்தால், அவர் நிச்சயம் கொழுந்துக் கணக்கப்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும்.